பதினாலாம் எண் முயல்

ஜூலை மாதம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்
உறைபனி புல்மேல் உப்பாய்ப் பூத்திருக்கிறது.
நார்த்டேலிலிருந்து முதல் டாக்ஸி பிடித்து வந்தேன்.
கையுறைக்குள் விரல்கள் மரத்திருக்கின்றன.
முயலின் காது மட்டும் சுடுகிறது.

இன்று பன்னிரண்டு முயல்களிடம் ரத்தம் வாங்க வேண்டும்.
வாங்க என்றுதான் நான் சொல்வேன்.
எடுக்க என்பது டாக்டர் ஃபூரியின் அறிக்கைச் சொல்.
நொம்வூலா மடியில் துண்டு விரித்து
ஒவ்வொன்றையும் சுற்றிப் பிடித்து
ஜூலுவில் ஏதோ முணுமுணுப்பாள்.
எனக்குப் பாதி புரியும், முயலுக்கு முழுவதும்.

பஃப் ஆடர் பாம்பின் நஞ்சை
வீரியம் முறித்து
மூன்று வாரத்துக்கொரு முறை தோலடியில் போட்டிருக்கிறோம்.
நஞ்சைக் காட்டினால் நஞ்சை அறியும் உடம்பு.
இதுவரை சரி, பாடப்புத்தகம் போல.

பிற்பகலில் தட்டு வைத்தேன்.
குழிக்குக் குழி சீரத்தைப் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும்,
ரசத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றி
எந்தக் கரண்டியில் புளிப்பு சாகிறது என்று பார்ப்பது போல.
பதினோரு முயல்கள் ஆறாம் குழியில் வெளுத்தன.
பதினாலாம் எண்
ஒன்பதாம் குழியிலும் மஞ்சளாய் நின்றது.

"குழாய் மாறியிருக்கும், கோகிலம்."
மாறவில்லை.
திரும்பச் செய்தேன். மறுநாளும் திரும்பச் செய்தேன்.
மஞ்சள்.
"அப்படியானால் அதை விட்டுவிடு" என்றார்.
விட்டுவிடு என்றால்
வரைபடத்திலிருந்து ஒரு புள்ளியைக் காணாமலாக்கு.
என் பேனா அதன்மேல் கோடு போட மறுத்தது
என்று சொன்னால் பொய்.
போட்டேன். பென்சிலால் போட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம், சும்மா,
பழைய கூண்டுப் பதிவேட்டைப் புரட்டினேன்.
மார்ச் பதினெட்டு. ருவான் என்றொரு மாணவன்,
இப்போது கேப் டவுனில் வேறேதோ வேலை,
தன் சொந்த ஆராய்ச்சிக்காக
இதே முயலுக்கு முட்டை வெள்ளைக்கருப் புரதம் போட்டிருக்கிறான்.
இரண்டு ஊசி. தேதிமேல் காபிக் கறை.
யாரிடமும் சொல்லவில்லை. முயலும் சொல்லவில்லை.

கோழி முட்டைக்கும் பாம்பு நஞ்சுக்கும்
ஒட்டுமில்லை உறவுமில்லை.
"முட்டை தின்னிப் பாம்பு இருக்கிறதே" என்றாள் நொம்வூலா.
அதற்கு நஞ்சே கிடையாதடி.
சிரித்தோம்.
பதினாலு மூக்கை ஆட்டிக்கொண்டு கேரட்டைத் தேடியது.

புதன்கிழமை இரவு அடுத்த தெருவில்
பூபாலன் வீட்டுச் சுவரேறி ஒருவன் குதித்தான்.
அவனைக் கண்டது அவர்கள் நாய் மட்டும்.
அன்றிலிருந்து எங்கள் தெரு நாய் ஒன்றுகூட
முழுக்கண் மூடித் தூங்குவதில்லை.
தபால்காரனுக்குக் குரைக்கின்றன, காற்றுக்கு,
கேட் கிறீச்சிடுவதற்கு, ஒன்றுமில்லாததற்கு.
சனிக்கிழமை நிஜமாகவே எங்கள் வேலியை நறுக்க வந்தவனை
டைகர், அந்தத் தின்னிச் சோம்பேறி,
முதல் நறுக்கிலேயே பிடித்துக்கொண்டது.
அது வேறு திருடன்.

டாக்டரிடம் போய்ப் பதிவேட்டைக் காட்டினேன்.
நாய்க்கதையைச் சொல்லவில்லை.
"ஒரு முயல் சாட்சியாகாது" என்றார்.
கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.
"ஆறுக்கு முட்டை, ஆறுக்கு உப்புநீர்.
அப்புறம் எல்லாவற்றுக்கும் நஞ்சு. பார்ப்போம்."

நவம்பரில் பார்த்தோம்.
ஜன்னலுக்கு வெளியே ஜகரண்டா உதிர்ந்து
கார்களெல்லாம் ஊதாவாகியிருந்தன.
முட்டை கண்ட ஆறில் நான்கு ஏறின.
இரண்டு ஏறவில்லை. ஏனென்று தெரியாது.
உப்புநீர் மட்டுமே கண்ட ஒன்றும்
யாரும் கேட்காமலே ஏறி நின்றது.
அதன் பழைய பக்கத்தையும் தேடிப் புரட்டினேன்.
வெறுந்தாள்.
அதற்கு முன் எங்கே, யார் வீட்டுத் தோட்டத்தில்,
எதைக் கண்டு பயந்திருந்ததோ.

பதினாலின் மேலிருந்த பென்சில் கோட்டை
ரப்பரால் அழித்தேன்.
தாளில் தடம் இன்னும் இருக்கிறது.
விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.